ஒரு காரட்டின் தொப்பை

அந்த நகைக்கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை செய்பவர்களின் மேலங்கியில் பை உண்டு. ஆனால் அதன் வாய் தைத்து மூடப்பட்டிருக்கும். பையே இல்லாத அங்கியைக் கொடுத்துவிடலாமே என்று யாரோ கேட்டதற்கு, "பை வெச்சது மொத்தமா மலிவா வந்துச்சு" என்றாராம் முதலாளி. ஆக, தொழிலாளி திருடுவான் என்ற சந்தேகத்தைக்கூட அவர் தள்ளுபடியில்தான் வாங்கினார். முதலாளியின் கோட்டில் ஆறு பைகள். ஆறும் திறந்தே இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தைத்த பையோடு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வைரம் பதித்தவர்தான் புள்ளி அக்கா. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் தலைமுடியைத் தூரிகையால் தட்ட வேண்டும், நகக்கண்ணைச் சுரண்ட வேண்டும், ஒரு தொட்டியில் கை கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. வடிகட்டித் தங்கத்தூள் எடுப்பார்கள். ஒருவரின் கை அழுக்கைக்கூட விட்டுவைக்காத நேர்மையான நிறுவனம். அந்த நிறுவனம்தான் போன மாதம் அக்காவைக் கல் மாற்றியவர் என்றது.

'புள்ளி' என்பது பட்டறை வைத்த பெயர். காரணம், அவர் கையிலேயே இருக்கும் கேஜ். இரண்டு தாடையும் ஒரு முள்ளும் கொண்ட சின்ன அளவுகருவி. கல்லின் அகலத்தை மில்லிமீட்டரில் காட்டும். முதல் போனஸில் சொந்தமாக வாங்கியது. வாங்கிய நாள் முதல் உலகத்தில் எதையும் அவர் சும்மா விட்டதில்லை. சட்டைப் பொத்தான், சாவி, தேநீரோடு வரும் பிஸ்கட், எல்லாவற்றையும் தாடைக்குள் வைத்து விடுவார். "போன வருஷம் இந்த பிஸ்கட் ஏழு புள்ளி ரெண்டு. இப்ப ஆறு புள்ளி நாலு. பாக்கெட்டுல மட்டும் சிரிக்கிற குழந்தை படத்தை பெருசாக்கிட்டானுங்க" என்று பட்டறைக்கே கேட்கும்படி சொல்வார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "என்னையும் அளந்து பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டா. ரெண்டாவது தடவை அளக்கலையேன்னு இன்னும் வருத்தப்படுறா" என்பார்.

இந்த வேலைக்கு முன்னால் சட்டைக் கம்பெனியில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டை மையத்தில் இல்லாத பொத்தானை ஓடுகிற பட்டையிலிருந்து பார்த்த நொடியிலேயே எடுப்பாராம். கண் அப்படி. அந்தக் கண்ணுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: பார்த்ததை மறக்காது.

இனி வைரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாங்கியவர்கள் வயிற்றெரிச்சல் படலாம். வாங்காதவர்கள் நிம்மதியாகத் தொடரலாம்.

வைரத்தை எடை போட்டு விற்கிறார்கள். எடைக்குப் பெயர் காரட். ஒரு காரட்டுக்கு நூறு சென்ட். தொண்ணூற்றாறு சென்ட் கல்லுக்கு ஒரு விலை. இன்னும் நாலே சென்ட் ஏறி 'ஒன்று' என்ற எண்ணைத் தொட்டுவிட்டால் விலை எகிறிக் குதிக்கும். ஒன்று என்ற எண்ணின் மேல் மனிதனுக்கு அப்படியொரு மயக்கம். பட்டை தீட்டுகிறவனுக்கு இது தெரியாதா? ஒழுங்காகத் தீட்டினால் தொண்ணூற்றாறுக்கு இறங்கிவிடும் கல்லை, அடியில் கொஞ்சம் சதையை விட்டு, இடுப்பை, அதாவது கல்லின் நடு விளிம்பை, தடிமனாக்கி, ஒன்றில் நிறுத்திவிடுவான். எடை இருக்கிறது. எங்கே இருக்கிறது? அடியில். மோதிரத்துக்குள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பட்டறைப் பாஷையில் அதற்குத் 'தொப்பைக் கல்' என்று பெயர்.

பார்க்கிற கண்ணுக்கு மேல்முகம் மட்டும்தான் தெரியும். நன்றாகத் தீட்டிய ஒரு காரட் உருண்டைக் கல் ஆறரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் அகலம் காட்டும். தொப்பைக் கல் ஆறு சொச்சத்தோடு நின்றுவிடும். அதாவது ஒரு காரட்டுக்குக் காசு, எண்பத்தைந்து சென்ட்டுக்குக் காட்சி. போதாததற்கு ஆழம் அதிகமான கல்லில் போன வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பி வராது. நடு இருளும், ஓரம் மங்கும். மங்கிய ஓரத்தைக் கண் கணக்கில் சேர்க்காது. சின்னக் கல் இன்னும் சின்னதாகத் தெரியும்.

இதையெல்லாம் வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? கல்லோடு கடை கொடுக்கும் அட்டையைப் பார்த்து. அதில் எடை, நிறம், சுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். 'அகலம், உயரம்' என்றும் ஒரு வரி இருக்கும். இந்தக் கடையின் அட்டையில் அந்த வரிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. அளவு இல்லாத கல்லும் உலகத்தில் உண்டு போல! மொத்த வியாபாரியிடமிருந்து வரும் பொட்டலத் தாளில் அளவு இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் முதலாளி அட்டை எழுதுவார். கிழிக்கும்போது அவர் முகத்தில் ஒரு பக்தி தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் அப்படி வந்த ஒரு கல்லை அக்கா கேஜில் வைத்தார்.

"முதலாளி, ஒரு காரட்டுன்னு எழுதியிருக்கு. ஆறு புள்ளி ஒண்ணுதான் இருக்கு. உயரம் நாலேகால். சரியான தொப்பை."

"அதனாலென்ன? சுத்திவர பன்னண்டு பொடிக்கல் வெச்சுடு. கூட்டத்துல நின்னா குள்ளன் தெரியவா போறான்?"

அக்கா வைத்தார். இடுப்பு தடித்த கல்லானதால், அதைப் பிடிக்கும் நான்கு கொக்கிகளிலும் வழக்கத்தைவிட அகலமாகப் பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. ஒரு முழு மத்தியானம் போனது. சுற்றிலும் பொடிக்கற்கள் மின்ன, தொப்பைக் கல் நடுவில் தலைவர் போல உட்கார்ந்தது. அதை ஒரு பல் டாக்டரின் கணவர் வாங்கிக்கொண்டு போனார்.

பதினோரு வருடம் டாக்டர் அதைச் சந்தோஷமாகப் போட்டிருந்தார். போன மாதம் கடைக்கு வந்தார்.

"இந்தப் பொடிக்கல்லு க்ளவுஸைக் கிழிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு நாலு ஜோடி போகுது. பெரிய கல்லை மட்டும் வெச்சு வழவழன்னு ஒரு மோதிரம் போட்டுக் குடுங்க."

அக்கா கல்லைக் கழற்றிப் புது மோதிரத்தில் பதித்தார். பழைய மோதிரத்தை விற்க டாக்டருக்கு மனம் வரவில்லை. கணவர் வாங்கித் தந்தது என்று பொட்டலம் கட்டிக் கைப்பையிலேயே போட்டுக்கொண்டார். விதி சில சமயம் கைப்பைக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

நாலாம் நாள் டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை நாத்தனாரோடு. இரண்டு பேரும் விரலை நீட்டி முன்மேசைக் கண்ணாடியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"பாருங்க. இவளோடது தொண்ணூறு சென்ட். என்னோடது ஒரு காரட். எது பெருசா இருக்கு?"

நாத்தனாருடையதுதான் பெரிதாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. நாத்தனார் முகத்திலும் சந்தேகம் இல்லை. "நான் ஒண்ணும் சொல்லலை அண்ணி. பக்கத்துல வெச்சதும் தானா தெரிஞ்சுது" என்றார், பதினோரு வருடம் காத்திருந்தவரின் அடக்கத்தோடு.

கல்லைக் கழற்றி எடை போட்டார்கள். சரியாக ஒரு காரட்.

"எடைக்கு எடை வேற மட்டமான கல்லை வெச்சிருக்கலாம்ல?" என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் இது இவ்வளவு சின்னதா இருந்ததில்ல. எனக்குக் கண்ணு இல்லையா?"

இந்த இடத்தில் முதலாளி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'கல் மாறவில்லை, முதலிலிருந்தே அது அப்படித்தான்.' ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் பதினோரு வருடத்தில் தொப்பைக் கல் வாங்கிய ஊரே வரிசையில் வரும். முதலாளி யோசித்தார். ஒரு ஆளைப் பலி கொடுத்தால் அந்த வரிசை வராது. அவர் தலையைக் குனிந்து, குரலில் வருத்தம் தடவி, "பட்டறையில தப்பு நடந்திருக்கலாம் மேடம். விசாரிச்சு, நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்களுக்கு வேற நல்ல கல்லும், சம்பந்தப்பட்டவங்க மன்னிப்புக் கடிதமும் தரேன்" என்றார்.

மாடி அறையில் கடிதம் தயாராக இருந்தது. 'என் கவனக்குறைவால் வாடிக்கையாளரின் கல் மாறிவிட்டது.' கீழே அக்கா கையெழுத்துப் போட இடம்.

"முதலாளி, இது நீங்க வித்த கல்லுதான். ஆறு புள்ளி ஒண்ணு. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு ஆயிரம் கல்லு. ஞாபகம் வெச்சுக்க முடியுமா? ஏம்மா, திருடினேன்னா எழுதச் சொன்னேன்? கவனக்குறைவுன்னுதானே? போலீஸுக்கா போறேன்? உன் நல்லதுக்குத்தான். ரெண்டு மாசம் வீட்டுல இரு, அப்புறம் பார்க்கலாம்."

கல் பதிக்கிறவருக்கு என்ன மூலதனம்? கண், கை, அப்புறம் அந்தக் கையில் நம்பிக் கல்லைக் கொடுக்க ஒரு ஆள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தால் இந்தக் கடை மட்டுமல்ல, எந்தப் பட்டறையும் அவர் கையில் ஒரு கண்ணாடித் துண்டைக்கூடக் கொடுக்காது. அது முதலாளிக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். அதனால்தான் 'உன் நல்லதுக்கு' என்றார். இந்தச் சொல்லைக் கேட்டதும் ஓடிப்போகாத ஏழை உருப்பட்டதில்லை.

பட்டறைக்கு இறங்கினால் செய்தி அவருக்கு முன்னே இறங்கியிருந்தது. அடுத்த மேசை பாலீஷ்காரர், பதினேழு வருடம் அக்காவின் பிஸ்கட்டில் பாதியைத் தின்றவர், எழுந்து போகுமுன் தன் கல் டப்பாவை மூடிப் பூட்டினார். அதுவரை அவர் அதைப் பூட்டியதே இல்லை. பூட்டு 'டக்'கென்று விழுந்தது. முதலாளி சொன்னதெல்லாம் அக்காவுக்கு வலிக்கவில்லை. அந்த 'டக்' வலித்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார்.

"லிஃப்ட் ஒழுங்கா ஓடினா கம்பெனி தரம். நின்னா மெக்கானிக் தப்பு. எல்லா எடத்துலயும் இதே கதைதான்" என்றார் அவர், காலுறையைக் கழற்றிக்கொண்டே. "கையெழுத்து போடலைன்னா?"

"வெளிய அனுப்புவாரு."

"போட்டா?"

"எந்தப் பட்டறைக்கும் உள்ளயே விடமாட்டாங்க."

"அப்போ போடாம வெளிய போ. கல்லு அதேதான்னு காட்ட வழி இருக்கா?"

அக்கா தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். "பள்ளம் இருக்கு" என்றார்.

மறுநாள் பதினோரு மணி. முன்மேசையில் டாக்டரும் நாத்தனாரும். முதலாளி ஒரு புதுக் கல்லைக் கறுப்பு வெல்வெட்டில் வைத்திருந்தார். வாடிக்கையாளர் இருக்கும்போது பட்டறை ஆட்கள் திரைக்கு இப்பால் வரக்கூடாது என்பது கடையின் சட்டம். அக்கா தைத்த பை அங்கியோடு, கையில் கேஜும் கல்லைப் பிடிக்கும் சாமணமுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"உள்ள போம்மா, கூப்பிடுறேன்."

"டாக்டரம்மா, உங்க பழைய மோதிரம் எங்க?"

டாக்டர் முறைத்தார். "எதுக்கு? அதையும் மாத்தவா?"

"உங்க கையை விட்டு எடுக்கவே வேணாம். நீங்களே பிடிச்சுக்குங்க. உங்ககிட்ட லென்ஸ் இருக்குமே, பல்லு பார்க்கிறது? அதைப் போட்டுக்கிட்டு அந்தக் கொக்கியில இருக்கிற பள்ளத்தைப் பாருங்க."

டாக்டர் கைப்பையைத் திறந்தார். கண்ணில் லென்ஸ் ஏறியதும் அவர் வாடிக்கையாளராக இல்லாமல் டாக்டராகிவிட்டார்.

"அகலமா வெட்டியிருக்கு."

"இடுப்பு தடிச்ச கல்லுக்காக நான் வெட்டினது. இப்ப முதலாளி வெச்சிருக்கிற புதுக் கல்லை அதுல உட்கார வையுங்க. அதுவும் ஒரு காரட்டுதான்."

முதலாளி, "இதெல்லாம் எதுக்கு மேடம், நேரம்..." என்பதற்குள் டாக்டர் சாமணத்தை வாங்கிக் கல்லை வைத்துவிட்டார். அது கொக்கிகளுக்குமேல் மூடி மாதிரி நின்றது. உள்ளே போகவில்லை.

"இப்ப நீங்க சந்தேகப்படுற கல்லு."

கல் இறங்கியது. நாலு பள்ளத்திலும் இடுப்பு போய் உட்கார்ந்தது. டாக்டர் விரலால் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "ஒரு பல்லுக்குச் செஞ்ச மூடி இன்னொரு பல்லுல உட்காராது. இது அதே கல்லுதான்." லென்ஸைக் கழற்றினார். "அப்போ ஏன் சின்னதா இருக்கு?"

வந்தே விட்டது அந்தக் கேள்வி. அக்கா கல்லை எடுத்துக் கேஜில் வைத்து முள்ளை அவர் பக்கம் திருப்பினார். "ஆறு புள்ளி ஒண்ணு அகலம். நாலேகால் உயரம். உங்க காரட்டுல பதினஞ்சு சென்ட் தொப்பையில இருக்குது. முன்ன சுத்தி பன்னண்டு கல்லு மின்னிச்சு, தெரியல. இப்ப தனியா நிக்குது."

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சம்பளம். வேற என்ன சொல்ல? தப்புதான் டாக்டரம்மா."

முதலாளி தொண்டையைச் செருமினார். "மேடம், எடையில ஒரு சென்ட் குறைஞ்சா கேளுங்க. நாங்க எடைக்குத்தான் விக்கிறோம்."

"நான் எடையையா விரல்ல மாட்டிக்கிட்டுத் திரியறேன்?"

இதில் உலகத்திலேயே சந்தோஷமாக இருந்தவர் நாத்தனார் ஒருவர்தான். "அப்போ நம்மளோடது நல்ல கல்லு" என்று விரலை நீட்டினார். அக்கா அதையும் அளந்தார். "ஆறரை அகலம். உயரம் வெறும் மூணரை. நேரா உள்ள பாருங்க, சாம்பல் நிறத்துல ஒரு வளையம் தெரியுதா, மீன் கண்ணு மாதிரி? அண்ணியோடது தொப்பை, உங்களோடது பட்டினி. பெருசா தெரியும், ஜொலிக்காது."

நாத்தனார் பார்த்தார். பார்த்த பிறகு அந்த வளையத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "இதையும் இதே கடையிலதானே வாங்கினோம் அண்ணி?" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அண்ணியும் நாத்தனாரும் ஒரே பக்கம் திரும்பி ஒரே ஆளை முறைத்தார்கள்.

முதலாளி இரண்டு கல்லையும் மாற்றிக் கொடுத்தார். புது அட்டைகளில் அந்தக் கோடு இருந்த இடத்தில் அளவை எழுதித் தரச் சொன்னார் டாக்டர்; முதலாளி எழுதினார். இரண்டு பேரிடமும் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறை கைகூப்பினார். அக்காவிடம், "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார்.

இதுதான் தாங்கவில்லை. திருடி என்று சொல்ல ஒரு முழுப் பக்கக் கடிதம், டைப் அடித்து, தேதி போட்டு. திருடி இல்லை என்று சொல்ல, 'சரி சரி'.

அக்கா அங்கியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கேஜை மட்டும் எடுத்துக்கொண்டார், அது அவருடையது. மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் முதலாளியே போன் செய்தார். பதிக்க வேண்டிய கல் பத்தொன்பது தேங்கிவிட்டதாம்.

"வரேன் முதலாளி. பட்டறையில எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"என்னத்தைச் சொல்ல?"

"நடந்ததை."

பட்டறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்கா தன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். முதலாளி ஆறு பைகளில் எதில் கையை விடுவது என்று தெரியாமல் கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போன வாரம் நம்ம கடையில ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு..."

"சின்னதுன்னா எத்தனை மில்லிமீட்டர் முதலாளி?"

அக்கா கேஜின் தாடையைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. முதலாளி அந்த முள்ளையே பார்த்தார். நீட்டிய கை இறங்கவில்லை.

"இவங்க கல்லை மாத்தல" என்றார், மேசையிடம் சொல்வதுபோல. "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இவங்க மேல போட்டேன்."

அக்கா கேஜை மூடினார். உட்காரப் போனவர் நின்று, அடுத்த மேசையின் பூட்டிய டப்பாவைப் பார்த்தார்.

"பாலீஷ்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம் முதலாளி. இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க."